கள்ளுக்கும் மருந்துக்கும் நடுவே

சென்ற மாதம் இலக்கிய நண்பர்கள் சிலர் கூடியிருந்த ஒரு மாலையில், கனடாவில் குடியேறி ஊருக்கு விடுமுறையில் வந்திருந்த அன்பர் ஒருவர் தம் வீட்டுச் சமையலைப் பற்றிப் பேசினார். சன்னலோரத் தொட்டிகளில் அவர் கஞ்சாச் செடி வளர்க்கிறார். அந்நாட்டுச் சட்டம் அதை அனுமதிக்கிறது. பூவை உலர்த்தி, இளஞ்சூட்டில் வாட்டி, நெய்யில் காய்ச்சி வடிகட்டிப் புட்டியில் வைத்துக்கொள்கிறார். அந்த நெய் வார நாள்களில் பருப்பிலும் ரசத்திலும் ஒரு கரண்டி விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை வெண்பொங்கலில் இரண்டு கரண்டி. “இதைப் போதை என்று சொல்லாதீர்கள், இது சமையல்” என்று அவர் முடித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வீடு திரும்பும் வழியில்தான் அந்தக் கைதட்டல் எனக்கே உறுத்தத் தொடங்கியது. அவருக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய மறுப்பை இப்போது எழுதுகிறேன்.

முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒழுக்கக் காவலன் அல்லன். வயது வந்த ஒருவர், இன்னதென்று தெரிந்து, தாமே உட்கொள்ளும் எதைப் பற்றியும் எனக்குத் தீர்ப்புச் சொல்ல உரிமை இல்லை. கஞ்சாவைப் பேய்ப்பொருளாகச் சித்திரிக்கும் நம் திரைப்படங்களின் கூச்சலிலும் எனக்கு உடன்பாடில்லை. அன்பர் தம் பழக்கத்துக்கு நான்கு நியாயங்கள் சொன்னார். இது நம் மரபு, உணவே மருந்து, சட்டம் போலியானது, என் அடுப்படி என் உரிமை. நான்கிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. அந்த உண்மை ஒவ்வொன்றும் அவருடைய முடிவுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது என்பதுதான் என் கட்சி.

*

மரபிலிருந்து தொடங்குவோம். கஞ்சாச் செடி இந்தியாவில் உணவாக இருந்ததில்லையா? இருந்தது, இருக்கிறது. உத்தராகண்டத்தின் குமாவுன் மலைப்பகுதியில் அதன் விதையை வெறும் வாணலியில் வறுத்து, பச்சைமிளகாய், கொத்தமல்லி, சீரகம், எலுமிச்சைச் சாறு சேர்த்து அம்மியில் அரைத்துத் துவையல் செய்கிறார்கள். சேப்பங்கிழங்குக் கறியில் அதே விதையை அரைத்து ஊற்றுகிறார்கள். குளிர்காலத்தில் கொழுப்பும் புரதமும் தரும் எளியவர் உணவு அது. செடியின் நாரில் கயிறு திரித்தார்கள், முரட்டுத் துணி நெய்தார்கள். குமாவுன் வீட்டில் அந்தத் துவையலைத் தின்று யாரும் மயங்கி விழுவதில்லை. காரணம் எளியது. போதை தரும் பொருள் விதைக்குள் இல்லை. பெண்பூவையும் அதைச் சுற்றிய சிற்றிலைகளையும் மூடியிருக்கும் பிசினில் இருக்கிறது. 2021இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கஞ்சா விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை உணவென்று ஏற்று விதி வகுத்ததும் இந்த வேறுபாட்டின் மேல்தான்.

காசிக்கு வருவோம். அங்கே அரசு உரிமம் பெற்ற கடைகளில் இலை அரைத்த பாங் உருண்டை விற்கிறது. சிவராத்திரிக்கும் ஹோலிக்கும் பாதாம், பெருஞ்சீரகம், மிளகு, ரோசா இதழ் அரைத்த தண்டாயில் அது கலக்கப்படுகிறது. இது போதைதான், அதை யாரும் மறைப்பதில்லை. ஆனால் அதற்கு நாள் உண்டு, இடம் உண்டு, பெயர் உண்டு. பாங் கலந்த தண்டாய் வேறு, கலக்காத தண்டாய் வேறு. கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள். வீட்டுப் பருப்புச் சட்டிக்குள் அந்த உருண்டையை யாரும் தினமும் கரைப்பதில்லை.

ஆக, மரபு என்று நாம் அழைப்பது விதை, இலை, பூ என மூன்றைப் பிரித்து அறிந்த அறிவு. விதை உணவு, இலை திருவிழா, பூவும் பிசினும் சாமியாரின் சிலும்பிக்கும் மருத்துவரின் கலுவத்துக்கும் உரியவை. அன்பரின் நெய்யோ பூவிலிருந்து வருகிறது. குமாவுன் துவையலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டுப் பூவைப் பொங்கலில் போடுவது மரபைப் பின்பற்றுவதாகாது. மரபு வரைந்த கோட்டை அழித்துவிட்டு அதன் பெயரை மட்டும் வைத்துக்கொள்வது அது.

நம் பழைய இலக்கியம் போதையை வெறுத்ததன்று. அதியமான் மறைந்தபோது ஔவை பாடிய புறநானூற்றுப் பாடலில் கள்ளும் வருகிறது, சோறும் வருகிறது. மன்னனின் ஈகையைச் சொல்லும்போது கள்ளுக்குத் தனி வரிகள், சோற்றுக்குத் தனி வரிகள். இரண்டையும் பகிர்ந்தவன் அவன்; ஆனால் ஒன்றை மற்றொன்றுக்குள் ஒளித்து வைத்தவன் அல்லன். இந்தச் சிறு வேறுபாடு பண்பாட்டில் பெரிய வேறுபாடு.

*

அன்பர் ஐரோப்பிய எழுத்தாளர்களையும் துணைக்கு அழைத்தார். 1840களில் பாரீசின் பிமோதான் மாளிகையில் கூடிய ஹஷீஷ் மன்றத்தைச் சொன்னார். கோத்தியே அங்கே போனார், போதலேரும் எட்டிப் பார்த்தார். அவர்கள் உண்டதும் ஒரு சமையற்பொருளே. ஹஷீஷுடன் சர்க்கரையும் வாசனைப் பொருள்களும் பிசைந்த பச்சை நிற லேகியம். உண்மை. ஆனால் அது அவர்களின் அன்றாட இரவுணவு அன்று. மருத்துவர் மொரோ உடனிருக்க, இன்ன மாலை இன்னது உண்போம் என்று அறிந்து கூடிய சோதனை அது. அந்த அனுபவத்தைப் பற்றி 1860இல் ‘செயற்கைச் சொர்க்கங்கள்’ நூலை வெளியிட்ட போதலேர் வந்து சேர்ந்த இடம் எது? ஹஷீஷ் மனிதனின் செயலூக்கத்தை, சங்கற்பத்தை அரிக்கிறது என்பதே அவருடைய குற்றச்சாட்டு. நம்மவர்கள் நூலின் தலைப்பை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதில் ‘செயற்கை’ என்ற சொல் எதற்காக இருக்கிறது என்று யோசிப்பதில்லை.

ஆலிஸ் டோக்லாஸின் சமையல் நூல் கதையும் இப்படித்தான். 1954இல் வெளிவந்த அந்நூலில் ஹஷீஷ் இனிப்புக்கான குறிப்பு ஒன்று உண்டு. அதை அவருக்குக் கொடுத்தவர் ஓவியர் பிரையன் கைசின். பிரித்தானியப் பதிப்பில் இடம்பெற்ற குறிப்பு அமெரிக்க முதற்பதிப்பில் நீக்கப்பட்டது. பேரீச்சை, அத்தி, பாதாம், மசாலாப் பொடி எல்லாம் சேர்ந்த அந்த உருண்டைக்கு அடுப்பே தேவையில்லை. 1968இல் வந்த ஒரு ஹாலிவுட் நகைச்சுவைப் படம் டோக்லாஸின் பெயரைத் தலைப்பிலேயே சுமந்து அதைப் பிரௌனி கேக் ஆக்கியது. படத்தின் வேடிக்கை எதில் இருந்தது? தெரியாமல் தின்றவர்கள் தள்ளாடுவதில். கஞ்சாச் சமையல் வெகுமக்கள் கற்பனைக்குள் நுழைந்ததே தெரியாமல் தின்றவனைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்போடுதான். இதைப் பிறகு மீண்டும் எடுத்துக்கொள்கிறேன்.

*

இனி, அடுப்புக்கும் ஈரலுக்கும் நடுவே நடப்பதைப் பார்ப்போம்.

பச்சைக் கஞ்சாவை அப்படியே மென்றால் பெரிய போதை இல்லை. அதிலுள்ள அமிலம் சூட்டில்தான் டி.எச்.சி. எனப்படும் போதைப்பொருளாக மாறுகிறது. அது நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அன்பர் நெய்யை நாடியது இதனால்தான். புகைத்தால் சில நிமிடங்களில் ஏறும். உண்டாலோ அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம்வரை எதுவும் தெரியாது. ஈரல் அதை இன்னும் வீரியமான வேறொரு பொருளாக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. ஆறு மணி, எட்டு மணி, சிலருக்கு அதற்கு மேலும் நீடிக்கும். வெறும் வயிறா, கொழுப்புள்ள உணவா, உடம்பின் பழக்கம் என்ன என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும்.

அளவைக் கணக்கிடுவோம். 15 விழுக்காடு வீரியமுள்ள உலர்ந்த பூவில் 1 கிராமுக்கு ஏறத்தாழ 150 மில்லிகிராம் போதைப்பொருள். கனடா அரசு 2019 அக்டோபரில் கஞ்சா உணவுகளை விற்க அனுமதித்தபோது ஒரு பொட்டலத்துக்கே 10 மில்லிகிராம்தான் உச்சவரம்பு என்று வைத்தது. அதாவது அன்பரின் கைச்சிட்டிகையில் அடங்கும் ஒரு கிராம் பூவில் அப்படிப்பட்ட 15 பொட்டலங்கள் அடங்கியிருக்கின்றன. தொழிற்சாலைக்கு ஆய்வகம் இருக்கிறது. அன்பருக்கு இருப்பது ஒரு கரண்டி. அவருடைய பூவின் வீரியம் எவ்வளவு, நெய்யில் இறங்கியது எவ்வளவு, சட்டியின் அடியில் தங்கியது எவ்வளவு, கடைசியாகப் பரிமாறியவருக்கு விழுந்தது எவ்வளவு? உப்புக் கூடினால் நாக்கு உடனே சொல்லிவிடும். இங்கே நாக்கு ஊமை. இரண்டு மணி நேரம் கழித்து மூளைதான் சொல்லும்.

இதன் விளைவு என்னவாகும் என்று காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2014 சனவரியில் கஞ்சாச் சில்லறை விற்பனை தொடங்கியது. அவ்வாண்டு மார்ச்சில் 19 வயது மாணவர் ஒருவர், கடையில் வாங்கப்பட்ட பிஸ்கட்டில், சொல்லப்பட்டபடியே, ஒரு துண்டு மட்டும் தின்றார். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்வரை ஒன்றும் தெரியவில்லை. எஞ்சியதையும் தின்றுவிட்டார். முழுப் பிஸ்கட்டில் இருந்தது 65 மில்லிகிராம். அடுத்த இரண்டரை மணி நேரத்துக்குள் நிலைதடுமாறி நான்காம் மாடியிலிருந்து குதித்து இறந்தார். அவர் பேராசைக்காரர் அல்லர். உணவைப் பற்றி உடம்பு கற்றுவைத்திருக்கும் மிகப் பழைய பாடத்தைத்தான் அவர் பின்பற்றினார். சுவையாக இருக்கிறது, ஒன்றும் செய்யவில்லை, இன்னும் கொஞ்சம் சாப்பிடலாம். உணவின் இலக்கணமே அவரைக் கொன்றது.

இங்கே எனக்குத் திருக்குறளின் அதிகார வைப்பு நினைவுக்கு வருகிறது. இன்று நம் கையில் இருக்கும் வரிசைப்படி 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. 95ஆம் அதிகாரம் மருந்து. வகுப்பில் மாணவர்களிடம் கேட்பதுண்டு, நடுவில் 94 எது என்று. சூது. அன்பர் தம் பொங்கல் கள்ளைச் சேர்ந்ததன்று, மருந்தைச் சேர்ந்தது என்கிறார். நான் சொல்வது, அது இரண்டையும் சேர்ந்ததன்று. நடுவில் இருக்கும் அதிகாரத்தைச் சேர்ந்தது. அளவு தெரியாமல் காயை உருட்டிவிட்டு ஈரல் என்ன எண் காட்டும் என்று இரண்டு மணி நேரம் காத்திருப்பதற்கு வேறு என்ன பெயர்? அதுவும் தன் உடம்பை மட்டும் பணயம் வைப்பதாக இருந்தால் பேசாமல் இருந்துவிடலாம். இங்கே பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேரும் பணயம்.

*

அன்றாட உணவில் கஞ்சா என்பதை ஒரு நாடு அண்மையில் செய்தே பார்த்தது. தாய்லாந்தில் 2020 இறுதியில் செடியின் இலை, தண்டு, வேர் ஆகியவை போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. 2021இன் தொடக்கத்தில் பிராசின்புரி நகரின் பெயர்பெற்ற மரபு மருத்துவமனை ஒன்று தன் உணவகத்திலேயே கஞ்சா இலை சேர்த்த சூப்பும் ரொட்டியும் பரிமாறியது. குறும்புப் பெயர்கள், படம் பிடிக்கும் கூட்டம், செய்தித்தாள் புகழ்ச்சி. 2022 சூன் 9 முதல் பூவுக்கும் தடை இல்லை. அந்த மாதத்திலேயே பாங்காக் மாநகராட்சி தன் பள்ளிகளைக் கஞ்சா இல்லாத வளாகங்களாக அறிவிக்க நேர்ந்தது. குழந்தைகளுக்கும் கருவுற்றோருக்கும் விற்கக் கூடாது என்று அவசர விதிகள் பின்தொடர்ந்தன. 2025 சூனில் அரசு திரும்பி நடந்தது. மருத்துவச் சீட்டு இல்லாமல் பூ வாங்க முடியாது என்றாகிவிட்டது.

இங்கேயும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தாய்லாந்துச் சமையலில் கஞ்சா இலை புதியதன்று. பழைய கிழவிகள் குழம்பில் சுவைக்காக ஓரிரு இலை போட்டவர்கள்தாம். அந்த ஓரிரு இலை தாய்லாந்தைத் தொந்தரவு செய்யவில்லை. இலையைக் காட்டி வழி திறந்து, பின்னாலேயே பூவை விற்ற வணிகம்தான் தொந்தரவு செய்தது. குமாவுன் விதையைக் காட்டிப் பூவுக்கு வாதாடும் நம் அன்பரிடமும் நான் கண்டது இதே தந்திரத்தைத்தான். அவர் அதை அறியாமல் செய்கிறார் என்பது மட்டுமே வேறுபாடு.

*

உணவே மருந்து என்ற இரண்டாம் நியாயத்துக்கு வருகிறேன். கஞ்சா மருந்து என்பதை நான் மறுக்கவில்லை. புற்றுநோய்ச் சிகிச்சையில் வரும் கடும் குமட்டலுக்கு, ஆய்வகத்தில் ஆக்கிய டி.எச்.சி. மாத்திரையை அமெரிக்க அரசு 1985லேயே ஏற்றது. சான் பிரான்சிஸ்கோவில் ‘பிரௌனி மேரி’ என்று அழைக்கப்பட்ட மேரி ஜேன் ராத்பன் என்ற மூதாட்டி, எயிட்ஸ் நோயாளிகளைச் சமூகம் கைவிட்ட 1980களில், பொது மருத்துவமனை வார்டில் தொண்டாற்றினார். உண்ண முடியாமல் மெலிந்தவர்களுக்குக் கஞ்சாப் பிரௌனி சுட்டுக் கொடுத்தார். கைதும் ஆனார். கலிபோர்னியா மக்கள் 1996இல் வாக்களித்து மருத்துவக் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியதில் அவருக்குப் பங்குண்டு. அந்தக் கிழவிக்கு நான் தலைவணங்குகிறேன்.

ஆனால் அவர் செய்தது என்ன என்று கூர்ந்து பாருங்கள். நோயாளிக்குக் கொடுத்தார், இன்னது என்று அறிந்தவர்களுக்குக் கொடுத்தார். அது அடுப்பில் வெந்தது என்பதற்காக அதை அவர் இரவுணவு என்று அழைக்கவில்லை. மருந்தின் இலக்கணம் அளவு, வேளை, ஆள், பத்தியம். நம் சித்த மருத்துவர்களும் கஞ்சாவைக் கையாண்டார்கள். சுத்தி செய்த பிறகே கையாண்டார்கள், அளந்தே கொடுத்தார்கள். இந்திய மருந்து விதிகளில் ஆயுர்வேதத்தின் நச்சுப் பொருள் அட்டவணை ஒன்று உண்டு. மருத்துவ மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டியவை அதில் இருக்கின்றன. அங்கே பாங் இடம்பெறுகிறது, ‘விதை நீங்கலாக’ என்ற குறிப்புடன். குமாவுன் பாட்டியும் சட்ட விதியும் ஒரே கோட்டை வரைகிறார்கள். நம் அன்பர் மட்டும் அழிக்கிறார்.

வள்ளுவரின் மருந்து அதிகாரம் மூலிகைப் பட்டியல் அன்று. முன் உண்டது செரித்ததை அறிந்து, அளவறிந்து உண்பவனுக்கு மருந்தே வேண்டாம் என்பதல்லவா அங்கே அடிநாதம்? ‘உணவே மருந்து’ என்று நாம் மேடைதோறும் முழங்கும் வாசகத்தின் பொருள், சரியாக உண்டால் மருந்து தேவைப்படாது என்பது. மருந்தை எடுத்துச் சோற்றில் கலக்கலாம் என்பது அதன் பொருள் ஆகாது. காய்ச்சல் இல்லாத வீட்டில் தினமும் ரசத்தில் காய்ச்சல் மாத்திரை கரைப்பவரை நாம் மருத்துவர் என்று அழைப்போமா?

*

சட்டம் போலியானது என்கிறார். இதில் நான் அவர் பக்கம். 1893இல் ஆங்கிலேய அரசு நியமித்த இந்தியக் கஞ்சா ஆணையம் 1,193 சாட்சிகளை விசாரித்து, மிதமான பயன்பாட்டால் பெருங்கேடு இல்லை, முழுத்தடை தேவையில்லை என்று அறிக்கை தந்தது. 1961இன் பன்னாட்டு ஒப்பந்தம் வந்தது. அதைப் பின்பற்றி 1985இல் நாம் இயற்றிய போதைப்பொருள் தடைச் சட்டம், பூவைக் கஞ்சா என்றும், பூவோடு சேராத இலையையும் விதையையும் கஞ்சா அல்ல என்றும் வரையறுத்தது. காசியின் உரிமக் கடை நிற்பது இந்த இடுக்கில்தான். 2020 திசம்பரில் ஐ.நா. ஆணையம் கஞ்சாவை மிகக் கொடியவற்றின் பட்டியலிலிருந்து நீக்க 27க்கு 25 என்று முடிவெடுத்தபோது இந்தியா நீக்கத்துக்கு ஆதரவாக வாக்களித்தது; உள்நாட்டுச் சட்டத்தை மாற்றவில்லை. போலித்தனம் என்று இதைச் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் இந்தச் சட்டத்தின் கீழ் வாழ்பவருக்குக் கஞ்சாச் சமையல் என்னவாகும்? 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கலவையில் உள்ள போதைப்பொருளின் எடையை மட்டும் பார்க்கக் கூடாது, கலந்திருக்கும் நடுநிலைப் பொருளின் எடையையும் சேர்த்தே அளவைக் கணக்கிட வேண்டும் என்பது தீர்ப்பு. பிசினான சரஸ் 1 கிலோ என்றால் வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு. மாவும் சர்க்கரையும் வெண்ணெயும் சேர்ந்த கேக் எத்தனை கிலோ வரும்? இது கேக்குக்குப் பொருந்துமா பொருந்தாதா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். வணிக அளவென்று குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பிணை கிடைப்பது அரிது. வாதம் முடியும்வரை உள்ளே இருக்கப்போகிறவர் யார்? 2021இல் மும்பையில் கஞ்சாப் பிரௌனி சுட்டவர்களைப் போதைப்பொருள் தடுப்புப் பிரிவு கைது செய்தது. கனடாவின் சன்னலோரத்திலிருந்து வந்து இங்கே இருபது வயது இளைஞர்கள் முன்னால் நெய் காய்ச்சும் முறையைப் புன்னகையோடு விவரிப்பவர், விமானம் ஏறிப் போய்விடுவார். கேட்டவர்களுக்குத் திரும்பும் சீட்டு இல்லை. சட்டம் அநீதியானது என்றால் அதை மாற்றக் குரல் கொடுப்போம், நானும் வருகிறேன். அநீதியான சட்டத்தின் வாயில் அடுத்தவர் பிள்ளையைத் தள்ளுவதற்குப் பெயர் கலகம் அன்று.

*

கடைசி நியாயம், என் அடுப்படி என் உரிமை. எனக்கு மிக உறுத்தியது இதுதான்.

நம் அடுப்படியில் ‘என்’ என்ற சொல்லுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது? சிலும்பியை ஒருவன் தனியே பிடிக்கிறான். கோப்பையை ஒருவன் தனியே ஏந்துகிறான். குழம்புச் சட்டி ஒருவனுடையதன்று. அது வீட்டுக்கு நடுவே இருக்கிறது. அதிலிருந்து குழந்தைக்குப் பிசைந்து ஊட்டுகிறோம். மிஞ்சியது குளிர்பெட்டிக்குப் போகிறது. மறுநாள் யாரோ எடுத்துச் சூடாக்குகிறார்கள். எதிர்பாராமல் வந்தவருக்கு “ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கள்” என்கிறோம். பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணுக்குத் தூக்கில் ஊற்றிக் கொடுக்கிறோம்; அதை அவள் தன் பிள்ளைகளுக்குக் கொண்டுபோகிறாள். சோறு கைமாறிக்கொண்டே இருப்பது. கைமாறும் பொருளுக்குள் ஒளிந்திருப்பது எதுவாயினும் அதுவும் கைமாறும்.

அமெரிக்காவில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் கஞ்சா உணவைத் தின்றுவிட்டதாக நச்சுத் தடுப்பு மையங்களுக்கு வந்த அறிவிப்புகள் 2017இல் 207. 2021இல் 3,054. ஏறத்தாழ எல்லாமே வீட்டுக்குள் நடந்தவை. எந்தக் குழந்தையும் கஞ்சா தேடிப் போகவில்லை. இனிப்பு இருந்தது, எடுத்துத் தின்றது.

குழந்தைகள் மட்டும் அல்லர். என் பெரியம்மாவுக்கு 72 வயது. மூன்றாண்டுகளுக்கு முன் மகன் வீட்டுக்குக் குளிர்நாடு ஒன்றுக்குப் போயிருந்தார். பேரனின் நண்பன் கொடுத்துப்போன மைசூர்பாகு ஒரு டப்பாவில் குளிர்பெட்டியில் இருந்தது. மாலைக் காப்பியோடு இரண்டு துண்டு தின்றார். இரவு எட்டு மணிக்கு நெஞ்சு படபடத்தது. நடந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். மகனைப் பார்த்து நீ யார் என்றார். மருத்துவமனையில் மூளையில் இரத்த அடைப்பு என்று ஐயுற்றுப் படம் எடுத்தார்கள், ஊசி குத்தினார்கள். விடியற்காலை மூன்று மணிக்குத்தான் பேரன் அழுதுகொண்டே டப்பாவைப் பற்றிச் சொன்னான். அவனுக்கும் அது நினைவுக்கு வர அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. மறுநாள் பெரியம்மா தெளிந்து எழுந்தார். இரத்த அழுத்தம் சற்றுக் கூடிவிட்டது என்று சொல்லி வீட்டுக்கு அழைத்து வந்தார்கள்.

ஒன்றும் ஆகவில்லையே என்பீர்கள். ஆகியிருக்கிறது. தம் தலைக்குள் ஏதோ உடைந்துவிட்டது, அது எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரும் என்று அவர் நம்புகிறார். ஊருக்குத் திரும்பியபின் தனியே கோவிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். அடுப்பைப் பற்றவைக்கப் பயப்படுகிறார். பேரப்பிள்ளைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதித் தலையணைக்கடியில் வைத்திருக்கிறார். அது வெறும் மைசூர்பாகு, உங்கள் மூளை நன்றாக இருக்கிறது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. பேரன் மீது கோபப்படுவாரே என்று மகனுக்குத் தயக்கம். அந்தத் தயக்கத்தை நானும் மூன்று ஆண்டுகளாகக் காப்பாற்றி வருகிறேன். கூட்டத்தில் நான் கைதட்டியதும் பிறகு அது உறுத்தியதும் ஏன் என்று இப்போது விளங்கியிருக்கும். 1968இன் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள், தெரியாமல் தின்றவர் மறுநாள் என்ன நினைத்துக்கொண்டார் என்று கேட்டதில்லை.

விருந்தோம்பல் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். விருந்தின் அடிப்படை தாராளம் என்று நினைக்கிறோம். அதற்கும் அடியில் ஒன்று இருக்கிறது. பிறர் கையால் சமைத்ததை நாம் விசாரிக்காமல் வாயில் வைக்கிறோம். இதில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொரு கவளத்துக்கும் கேட்டால் அது விருந்து ஆகாது. கேட்காமல் உண்பவரின் அந்த நம்பிக்கைதான் சமையல் என்ற தொழிலுக்கு முதல். அதை அடகு வைத்துவிட்டுச் செய்வது எவ்வளவு மணமாக இருந்தாலும் சமையல் ஆகாது.

அன்பர் இதைப் படிப்பார் என்று தெரியும். அவரிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அவர் நாட்டில் அளவு அச்சிட்ட பொட்டலம் கடையில் கிடைக்கிறது. வேண்டுமானால் அதை வாங்கித் தனியே உண்ணட்டும். பூட்டிய அலமாரியில் வைக்கட்டும். போதை என்றே அதை அழைக்கட்டும்; அந்தச் சொல்லில் இழிவு ஒன்றும் இல்லை, அதியமானுக்கும் ஔவைக்கும் இல்லாத இழிவு நமக்கு எங்கிருந்து வந்தது? வலி இருந்தால் மருத்துவரைக் கேட்டு மருந்து என்று அழைக்கட்டும். பருப்பையும் ரசத்தையும் பொங்கலையும் மட்டும் விட்டுவிடட்டும். அவை அவருடையவை மட்டும் அல்ல.

நான் செய்ய வேண்டியதும் ஒன்று மீதம் இருக்கிறது. வரும் ஞாயிறு பெரியம்மா வீட்டுக்குப் போகிறேன்.